அஞ்சு வருஷ பிளானை யாரு நடத்துறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களது டிரஸ்ட் நடத்துற ஆஸ்பத்திரி. போன வருஷம் கன்சல்டன்ட் வெச்சு அஞ்சு வருஷத்துக்கு ஸ்ட்ராடஜிக் பிளான் போட்டாங்க, பெரிய பங்ஷன் எல்லாம் நடந்துச்சு. இப்ப அதைப் பத்தி யாரும் வாயே திறக்கறதில்ல. 'தொற்று குறைக்கப்படும்'னு அதுல ஒரு வரி இருக்கு, அதை என் பொறுப்புல விட்டுட்டாங்க. எங்க இருந்து ஆரம்பிக்கறது?
– நர்சிங் சூப்பரின்டென்டன்ட், திருச்சி மாவட்டம்

பதில்: மேடம், அந்த ஒரு வரியை மட்டும் கையில எடுங்க, மிச்ச பிளான் இப்போதைக்கு பீரோவுலயே இருக்கட்டும். அதுலயும் ஆஸ்பத்திரி முழுக்க வேணாம், ஐசியூ மட்டும் போதும்.

அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில பீட்டர் புரோனோவோஸ்ட்னு ஒரு ஐசியூ டாக்டர் 2001-ல இதைத்தான் பண்ணார். கழுத்துலயோ நெஞ்சுலயோ பெரிய ரத்தக்குழாய்ல சென்ட்ரல் லைன்னு ஒரு மெல்லிய குழாய் போடுவோமே, அது வழியா ரத்தத்துல கிருமி ஏறக்கூடாது, இலக்கே அவ்வளவுதான். அப்புறம் அது மிச்சிகன் மாநிலத்துல 100-க்கு மேல ஐசியூக்களுக்குப் போச்சு. அங்க சொன்னது அஞ்சே விஷயம்: கையைக் கழுவணும், தோலை குளோர்ஹெக்சிடின்ங்கற கிருமிநாசினியில துடைக்கணும், தொப்பி மாஸ்க் கவுன் கிளவுஸ் எல்லாம் போட்டு நோயாளி மேலயும் முழுசா ஸ்டெரைல் துணி போர்த்தணும், முடிஞ்ச வரை தொடையில லைன் போடக்கூடாது, தேவை முடிஞ்சதும் எடுத்துடணும். இது எந்த டாக்டருக்குத்தான் தெரியாது? ஆனா ஹாப்கின்ஸ்ல நர்சுகளைப் பக்கத்துல நின்னு கவனிக்கச் சொன்னப்போ, மூணுல ஒரு நோயாளிக்கு ஏதோ ஒரு ஸ்டெப் விட்டுப்போயிருந்துச்சு.

அதுக்கு அப்புறம் அவங்க செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஸ்டெப் ஏதாவது விட்டுப்போனா நர்ஸ் டாக்டரை அங்கேயே நிறுத்தலாம், பின்னாடி பிரச்சனைன்னா நிர்வாகம் நர்ஸ் பக்கம் நிக்கும்னு முடிவு பண்ணாங்க. தேவையான சாமான் அத்தனையும் ஒரே டிராலியில வர்ற மாதிரி பண்ணாங்க. மிச்சிகன்ல ஒவ்வொரு ஐசியூவுக்கும் நிர்வாகத்துல ஒரு பெரிய ஆளைப் போட்டாங்க, அவர் மாசம் ஒரு தடவையாவது நேர்ல வந்து நர்சுகிட்டயே குறை கேக்கணும். நிறைய ஐசியூல சரியான குளோர்ஹெக்சிடினே ஸ்டாக் இல்லங்கற விஷயமெல்லாம் இப்படித்தான் மேல போய் உடனே சரியாச்சு. 2006-ல வந்த அவங்க ஆய்வுப்படி, 1000 லைன் நாளுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் லைன் இருந்தா ஒரு லைன் நாள்) 2.7 தொற்றா இருந்த மீடியன், அதாவது ஐசியூக்களை வரிசையா வெச்சா நடுவுல வர்ற எண், மூணு மாசத்துல பூஜ்யத்துக்கு வந்து ஒன்றரை வருஷம் அப்படியே நின்னுச்சு, அதாவது பாதி ஐசியூக்கள்லயாவது ஒரு தொற்று கூட இல்ல.

இப்ப உங்க ஐசியூவை நினைச்சுப் பாருங்க. ராத்திரி ரெண்டு மணி, புதுசா சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ், எதிர்ல சீனியர் சர்ஜன், கவுன் போடாம லைன் போட நிக்கறார். 'சார், ஒரு நிமிஷம்'னு அந்தப் பொண்ணு சொல்ல முடியுமா? சொன்னா மறுநாள் அவளுக்கு மெமோ வருமா இல்ல பாராட்டு வருமா? இதுக்கு பதில் மெடிக்கல் சூப்பரின்டென்டன்ட் கையெழுத்தோட எழுத்துல இருக்கணும், அதுவும் டாக்டர்கள் மீட்டிங்ல அவரே வாயால படிச்சுக் காட்டணும். அதை வாங்காம செக்லிஸ்ட் பிரின்ட் எடுத்து ஒட்டாதீங்க, ஷிப்ட் முடியறப்ப மொத்தமா டிக் அடிச்சு வெச்சுடுவாங்க. டிராலியை தினமும் நிரப்பறது யாருன்னு பேரைப் போட்டு எழுதுங்க, 'ஸ்டோர்ஸ்'னு பொதுவா எழுதினா யாரும் செய்ய மாட்டாங்க.

கேள்வி: ஒரு வருஷத்துல ஐசியூ தொற்று பாதியாச்சுன்னு ரிப்போர்ட் குடுத்தோம் சார், எம்.டி. நம்பல. 'அதுவா குறைஞ்சிருக்கும்'ங்கறார். உழைச்சவங்களுக்கு மனசு விட்டுப்போச்சு.
– குவாலிட்டி மேனேஜர், சேலம்

பதில்: வருத்தம் புரியுது தம்பி, ஆனா எம்.டி. கேக்கறது நல்ல கேள்வி. இங்கிலாந்துல 2009-ல மிச்சிகன் மாதிரியே நாமும் பண்ணுவோம்னு ஐசியூக்களை பேட்ச் பேட்சா சேர்த்தாங்க. தொற்று நல்லாவே குறைஞ்சுச்சு, ஆனா தங்களோட முறை இன்னும் வராம காத்துக்கிட்டிருந்த ஐசியூக்கள்லயும் குறைஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு, அதனால குறைஞ்சதுல இந்தத் திட்டத்தோட பங்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாம போச்சு. முன்னாடி ஒரு மாசம் பின்னாடி ஒரு மாசம்னு ரெண்டு நம்பரை வெச்சு பேசாதீங்க, திட்டத்துக்கு முந்தின ரெண்டு வருஷத்தையும் சேர்த்து மாசாமாசம் கோடு போட்டுக் காட்டுங்க, ஏற்கனவே இறங்கிக்கிட்டிருந்துச்சா, திட்டம் வந்தப்புறம் இன்னும் வேகமா இறங்குச்சாங்கறது அதுலயே தெரியும்.

இன்னொண்ணு, எண்ணுற விதம். அதே இங்கிலாந்துல ஆய்வாளர்கள் ஐசியூக்குள்ள போய் உக்காந்து பார்த்தப்போ ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி எண்ணிக்கிட்டிருந்தாங்க, ரத்தத்துல கிருமி இருக்கான்னு பார்க்கற பிளட் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பற பழக்கமே இடத்துக்கு இடம் வேறயா இருந்துச்சு. கல்ச்சர் கம்மியா அனுப்பினா தொற்றும் கம்மியாத்தானே தெரியும்? யாரும் பொய் சொல்லணும்னு அவசியமே இல்ல. நீங்க அனுப்பின கல்ச்சர் எண்ணிக்கையையும் லைன் நாள் கணக்கையும் அதே பக்கத்துல போட்டுக் குடுங்க. கல்ச்சர் குறையாம தொற்று மட்டும் குறைஞ்சிருந்தா எம்.டி.யே உங்க டீமைக் கூப்பிட்டுப் பாராட்டுவார், அவங்க அதுக்குத் தகுதியானவங்க.

கேள்வி: எங்க கண் சிகிச்சை முகாம்ல ஒவ்வொரு தடவையும் கூட்டம் அலைமோதுது. திட்டம் வெற்றிதானே ஐயா?
– முகாம் அமைப்பாளர், விருதுநகர்

பதில்: உங்க சேவை பெருசு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா வந்தவங்களை மட்டும் எண்ணாதீங்க. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது, முகாம்னா அவங்களுக்கு மேல தெரிஞ்சவங்க கிடையாது. அவங்களும் சேர்ந்து பண்ணி 1999-ல வெளியான கிராம ஆய்வு ஒண்ணுல, கண் பிரச்சனை இருந்த பெரியவங்கள்ல முகாமுக்கு வந்தது 6.8 சதவீதம்தான். அவ்வளவு கூட்டம் வந்த இடத்துல! ஆபரேஷன் இலவசம்னாலும் கூட வர்றவங்களோட கூலி போகுமே, பாட்டியை யாரு கூட்டிட்டுப் போறது, ஏதாவது ஆயிடுமோங்கற பயம், இதெல்லாம் வீட்டுல உக்காந்திருந்தவங்ககிட்ட கேட்டாத்தானே தெரியும். அப்புறம் 2004 வாக்குல அரவிந்த் கிராமத்துப் பக்கமே விஷன் சென்டர் திறக்க ஆரம்பிச்சாங்க, பயிற்சி எடுத்த பொண்ணுங்க அங்க கண்ணைப் பார்ப்பாங்க, டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியில இருந்து வீடியோவுல பேசுவார்.

நீங்க அடுத்த முகாமுக்கு முன்னாடி ஒரே ஒரு பஞ்சாயத்துல வீடு வீடா போய் அம்பது வயசுக்கு மேல யாருக்கெல்லாம் பார்வை மங்கல்னு லிஸ்ட் எடுங்க, முகாம் முடிஞ்சதும் அந்த லிஸ்ட்ல வராதவங்க வீட்டுக்குத் திரும்பப் போய் ஏன் வரலன்னு கேளுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கும் எழுதுங்க, அடுத்த இதழ்ல போடறேன்.