நடனக் கலைஞரான பாலசரஸ்வதிக்குச் சங்கீத கலாநிதி விருது ஏன்?

இசைவாணர்களுக்குரியதாகக் கருதப்பட்ட சங்கீத கலாநிதி விருதைச் சென்னை மியூசிக் அகாடமி 1973-இல் பாலசரஸ்வதிக்கு அளித்தது பலருக்கும் புதிராகத் தோன்றுகிறது. ஆனால் அவருடைய பரதநாட்டியமே இசையிலிருந்து பிறந்தது. வீணை தனம்மாளின் பேத்தியான அவர், தாயார் ஜயம்மாளிடம் பாட்டையும் கந்தப்பப் பிள்ளையிடம் நடனத்தையும் கற்று, ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார்.

பதம் எனப்படும் பாடலுக்கு அபிநயம் பிடிக்கையில், அதாவது அதன் பொருளை முகபாவத்தாலும் கைமுத்திரையாலும் காட்டுகையில், அவரே பாடுவார். ஒரே வரியை வெவ்வேறு சங்கதிகளில் (இசை மாறுபாடுகளில்) அவர் திரும்பத் திரும்பப் பாடும்போது, ராகத்தின் ஒவ்வொரு வளைவுக்கும் முகத்தில் வேறொரு பாவம் மலரும். வாய்ப்பாட்டில் முழுத் தேர்ச்சியில்லாமல் இது கைகூடாது. என் பார்வையில் விருதுக்கு இந்த ஒன்றே போதும்.

1975-இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றியபோது, நடனக் கச்சேரியைக் கோயிலாகக் கண்டு, அதன் முதல் உருப்படியான அலாரிப்பைக் கோபுரமாகவும் அடுத்து வரும் ஜதிஸ்வரத்தை அர்த்தமண்டபமாகவும் உருவகித்து, அதன் வரிசைமுறைக்கு அவர் தந்த விளக்கம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் அவர் கற்பித்தார்.