பார்த்த பொருளே பின்தொடர்ந்து வருகிறது: வி.பி.என். வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்காகக் குளுக்கோமீட்டர் ஒன்றின் விலையை இணையக் கடையில் பார்த்தேன்; வாங்கவில்லை. மறுநாளிலிருந்து செய்தித் தளத்திலும் பேஸ்புக்கிலும் அதே கருவியின் விளம்பரம்தான் வருகிறது. இதைத் தடுக்க வி.பி.என். சந்தா கட்டச் சொல்கிறார் தோழி. பிரவுசரின் இன்காக்னிட்டோ என்ற தனிச் சாளரத்தில் பார்த்தால் போதாதா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இந்த ஒரு காரணத்துக்காக வி.பி.என். வாங்க வேண்டாம். உங்கள் இணைய இணைப்பைக் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியைத் தளங்களிடமிருந்தும், நீங்கள் செல்லும் தளங்களை இணைய இணைப்புத் தரும் நிறுவனத்திடமிருந்தும் மறைப்பதே அதன் வேலை. உங்களை அடையாளம் காட்டுவதோ தளங்கள் உங்கள் பிரவுசரில் பதித்து வைக்கும் குக்கீ என்ற சிறு அடையாளக் குறிப்பும், நீங்கள் லாகின் செய்து வைத்திருக்கும் கணக்கும். அவை இரண்டும் வி.பி.என். போட்ட பின்னும் அப்படியே இருக்கும்.

கடையின் பக்கத்தைத் திறக்கும்போது உங்கள் பிரவுசர் அந்தக் கடையோடு மட்டும் பேசுவதில்லை. பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் மெட்டா பிக்சல் என்ற சிறு நிரலைப் பல கடைக்காரர்கள் தாங்களாகவே தங்கள் பக்கத்தில் சேர்த்து வைக்கிறார்கள். பக்கத்தின் முகவரியையும் ‘வியூ கன்டென்ட்’ என்பது போன்ற ஒரு நிகழ்வுப் பெயரையும் அது மெட்டாவுக்கு அனுப்புகிறது. பொருளைக் கூடையில் போட்டால் ‘ஆட் டு கார்ட்’ என்று இன்னொரு செய்தி போகும். அதே பிரவுசரில் பேஸ்புக் திறந்திருந்தால், பார்த்தவர் யார் என்பதும் தெரிந்துவிடும். செருப்பு விளம்பரம் துரத்தினால் எரிச்சலோடு போய்விடும். குளுக்கோமீட்டர் என்றால் வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்ற ஊகமும் சேர்ந்தே போகிறது.

இன்காக்னிட்டோ ஓரளவு உதவும். குரோமின் இன்காக்னிட்டோவில் மூன்றாம் தரப்புக் குக்கீகள் (நீங்கள் திறந்த தளம் அல்லாமல், விளம்பர நிறுவனம் போன்ற வேறொருவர் பதிப்பவை) இயல்பாகவே தடுக்கப்படுகின்றன; சாளரங்களை மூடியதும் மற்றக் குக்கீகளும் அழியும். ஆனால் அதற்குள்ளேயே லாகின் செய்தால் நீங்கள் மறுபடியும் நீங்களேதான்.

செலவில்லாத வழிகள் இருக்கின்றன. சஃபாரி 2020 முதலே மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுமையாகத் தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் அந்தத் தளத்துக்குள்ளேயே அடைத்து வைக்கிறது. குரோமிலிருந்து மூன்றாம் தரப்புக் குக்கீகளை அகற்றப்போவதாக 2020இல் அறிவித்த கூகுள், பலமுறை தள்ளிப்போட்டு, 2024இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனத்திடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் கடினம்தான். ஆகவே குரோம் பயன்படுத்துபவர்கள் அமைப்புகளுக்குள் சென்று தாங்களே தடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில், செயலிகள் பயன்படுத்தும் விளம்பர அடையாள எண்ணைக் கூகுள் அமைப்புகளில் உள்ள விளம்பரப் பகுதியில் நீக்கிவிடலாம். பேஸ்புக் கணக்கின் அமைப்புகளில், மெட்டாவுக்கு வெளியே உங்கள் செயல்பாடு என்ற பகுதியில் பழையதை அழித்து, இனி வருவதையும் கணக்கோடு சேராமல் துண்டிக்கலாம். ஆனால் தகவல் மெட்டாவுக்குப் போய்ச் சேர்வதை இது நிறுத்தாது.

எந்தப் பிரவுசராலும் தடுக்க முடியாத பாதை ஒன்று உண்டு. நீங்கள் கடையில் கொடுக்கும் போன் எண்ணையும் மின்னஞ்சலையும் குறியீடாக மாற்றி, கடையின் சர்வரே நேராக விளம்பர நிறுவனத்துக்கு அனுப்பலாம். அங்கே அது உங்கள் கணக்கோடு பொருத்தப்படும். ஆகவே விலையை மட்டும் பார்க்கும்போது லாகின் செய்யாதீர்கள், ‘சலுகைக்கு எண்ணைப் பதியுங்கள்’ என்று கேட்டால் கொடுக்காதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறி, விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டாலும், உங்கள் தகவலைப் பயன்படுத்த ஒப்புதல் பெறுவது பற்றிய முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும்.