இரத்தப் புற்றுநோயில் எலும்பு ஏன் உளுத்துப்போகிறது?

மைலோமா என்பது எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள் (நோய் எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கும் செல்கள்) கட்டுமீறிப் பெருகும் ஒருவகை இரத்தப் புற்றுநோய். நோய் இரத்தத்தில் என்றால் முதுகெலும்பு ஏன் நொறுங்குகிறது என்று பலர் கேட்கிறார்கள்.

நம் எலும்பு ஆயுள் முழுக்கப் புதுப்பிக்கப்படுகிறது. ஒருவகைச் செல்கள் பழைய எலும்பைக் கரைக்கும். இன்னொரு வகை அந்தக் குழியில் புது எலும்பைக் கட்டும். கிருஷ்ணகிரி மாந்தோப்பில் காய்ப்பு நின்ற மரத்தை வெட்டி, அதே இடத்தில் ஒட்டுக்கன்று நடுவது மாதிரி. மைலோமா செல்கள் அனுப்பும் ரசாயனச் செய்திகள் வெட்டுகிற ஆட்களைப் பெருக்கி, நடுகிற ஆட்களைத் தடுத்துவிடுகின்றன. தோப்பு திட்டுத் திட்டாக வெறுமையாகிறது. எக்ஸ்ரேயில் மண்டையோட்டில் வட்ட வட்டமாக ஓட்டைகள் தெரிவது இதனால்தான். கொடுமை என்னவென்றால், கரையும் எலும்பிலிருந்து வெளிவரும் வளர்ச்சிப் பொருள்கள் புற்றுச் செல்களுக்கே தீனியாகின்றன. அதனால் புற்றுநோய் மருந்தோடு, எலும்பு கரைவதை மட்டுப்படுத்தும் சோலெட்ரானிக் அமில ஊசியும் போடுகிறார்கள். இப்படி உளுத்த முதுகெலும்பு, குனிந்து ஒரு குடம் தூக்கும்போதே நசுங்கலாம். விடாத முதுகுவலியை வயசு வலி என்று தள்ளாதீர்கள்.

தர்மபுரிப் பக்கம் "கேழ்வரகுக் களியும் கால்சியம் மாத்திரையும் போதும்" என்பவர்கள் உண்டு. இந்த எலும்புச் சிதைவு கால்சியம் குறைவால் வருவதல்ல. கரைந்த எலும்பின் கால்சியம் ஏற்கெனவே இரத்தத்தில் கூடி, அதீதத் தாகம், மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம் என்பதால், டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையைத் தொடாதீர்கள்.