எம்பி3 பிளேயரைச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறதே, என்ன செய்வது?

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் ஏறுகிறதே, கேபிளில் என்ன கோளாறு இருக்கப்போகிறது என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். பல்லடத்தில் தறி ஓட்டும் என் மாமாவும் அதையேதான் சொன்னார்: "சார்ஜ் ஏறுதுங்களே மாப்ள, அப்புறம் ஒயர்ல என்ன?" சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் 4 கம்பி உண்டு. சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. விலை குறைந்த சில சார்ஜர் கேபிள்களில் பின்னது இரண்டும் இருக்கவே இருக்காது. அதில் எத்தனை நாள் செருகி வைத்தாலும் சார்ஜ்தான் ஏறும்.

கேபிளை மாற்றியும் மாமாவின் பிளேயர் அசையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் செருகுகிற துளைக்குள் பஞ்சு! தறிக்குடோனில் சட்டைப்பையிலேயே வைத்திருந்தால் வேறென்ன சேரும் (அந்தச் சத்தத்தில் பாட்டு எப்படித்தான் காதில் விழுகிறதோ, அது வேறு கதை). பிளேயரை அணைத்துவிட்டு பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாக எடுத்தேன். ஊசி, குண்டூசி பக்கம் போகாதீர்கள், உள்ளே இருக்கும் தகடு வளைந்தால் கதை முடிந்தது.

அப்புறம் செருகும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். விண்டோஸில் 'டிங்' என்று சத்தம் வந்து, டிரைவ் மட்டும் தெரியவில்லை என்றால் பாதி கிணறு தாண்டியாயிற்று. விண்டோஸ் பொத்தானோடு எக்ஸ் அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து பாருங்கள், பெரும்பாலும் டிரைவுக்கு (E, F மாதிரி) எழுத்து கிடைக்காமல் அங்கே உட்கார்ந்திருக்கும், வலது கிளிக் செய்து ஒரு எழுத்தைக் கொடுத்தால் போதும். மாமாவுக்கு அதுதான் நடந்தது. நடுவில் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டால் சரி என்று மட்டும் அழுத்திவிடாதீர்கள், பாட்டெல்லாம் போய்விடும்.

சத்தமே வரவில்லையா? ஒரு யுஎஸ்பி துளையைப் பலதாக்கும் ஹப் இருந்தால் கழற்றிவிட்டு சிபியூவின் பின்பக்கத்தில் நேராகச் செருகுங்கள். ரொம்ப நாள் பெட்டியில் கிடந்த பிளேயர் என்றால் அரைமணி நேரம் சார்ஜில் போட்டுவிட்டு முயற்சி செய்யுங்கள். சில பிளேயர்களின் செட்டிங்கில் யுஎஸ்பி மோட் என்று ஒன்று இருக்கும், அதில் எம்டிபி (MTP) இருந்தால் எம்எஸ்சிக்கு (MSC, பென்டிரைவ் மாதிரித் தெரிகிற முறை) மாற்றிப் பாருங்கள். மேக் வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிடலாம், எம்டிபி என்றால் அது தானாகக் காட்டாது.

எதற்கும் மசியவில்லை, ஆனால் பிளேயர் பாடுகிறது என்றால், மெமரி கார்டு இருக்கிறதா பாருங்கள், கழற்றி கார்டு ரீடரில் போட்டுவிடலாம். அதுவும் இல்லையென்றால் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன் துளைக்கு ஆக்ஸ் கேபிள் (இரண்டு முனையிலும் ஹெட்போன் பின் உள்ள ஒயர்) போட்டு ரெக்கார்டு செய்துகொள்ளலாம். பாட்டு ஓடுகிற வேகத்தில்தான் பதிவாகும், 100 பாட்டுக்கு ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.