சார்ஜ் செய்யும்போது மட்டும் டிஃபரன்ஷியல் ட்ரிப்: பதில்

வணக்கம் சார். லோடு இல்லாமல் 110/11 கேவி டிரான்ஸ்ஃபார்மரைச் சார்ஜ் செய்யும்போது (மின்சாரம் கொடுக்கும்போது) எப்போதாவது டிஃபரன்ஷியல் ரிலே (உள்ளே போகும், வெளியே வரும் கரண்ட்டை ஒப்பிட்டு உட்பழுதைப் பிடிக்கும் ரிலே) ட்ரிப் ஆகிறது என்கிறீர்கள். அந்த "எப்போதாவது" இன்ரஷ்ஷை, அதாவது சார்ஜ் செய்யும் கணத்தில் பாயும் பெரிய கரண்ட்டைத்தான் காட்டுகிறது. பிரேக்கர் மூடும் கணத்தையும் கோரில் தங்கிய காந்தத்தையும் பொறுத்து அது கூடும், குறையும்.

ரிலேயின் டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டை (ட்ரிப் நேரத்துக் கரண்ட் பதிவை) இறக்கி, இரண்டாம் ஹார்மோனிக்கை (இன்ரஷ்ஷில் அதிகமாக இருக்கும், இரு மடங்கு அதிர்வெண் கொண்ட கரண்ட் பங்கை) பேஸ் வாரியாகப் பாருங்கள். இன்ரஷ் என்று ட்ரிப்பைத் தடுக்கும் (பிளாக்கிங்) செட்டிங் 15% இருக்க, ஒரு பேஸில் மட்டும் 10, 12 என்று வந்தால் ட்ரிப் கொடுப்பது அந்தப் பேஸ்தான். கிராஸ் பிளாக்கிங்கை (ஒரு பேஸில் இன்ரஷ் தெரிந்தால் மற்றப் பேஸ்களின் ட்ரிப்பையும் தடுப்பதை) குறுகிய நேரத்துக்கு மட்டும் ஆன் செய்யுங்கள். பிக்கப்பை (ரிலே இயங்கத் தொடங்கும் கரண்ட் அளவை) தயவுசெய்து ஏற்றாதீர்கள். ஏற்றினால், வைண்டிங்கில் சில சுற்றுகள் ஷார்ட் ஆனால் ரிலேக்குத் தெரியாமலே போகும்.

மூன்று பேஸிலும் ஹார்மோனிக் நன்றாக இருந்தும் ட்ரிப் ஆனால், பிளாக்கிங் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹார்மோனிக்கே இல்லை என்றால் கதையே வேறு, உள்ளே பழுது இருக்கலாம்: புக்கோல்ஸில் (எண்ணெயில் உருவாகும் வாயுவைப் பிடிக்கும் ரிலேயில்) வாயு பார்த்து, எண்ணெய்ச் சோதனை முடியும்வரை மறுபடி சார்ஜ் பண்ணாதீர்கள்.