காய்ச்சல் போயும் கால் எரிச்சல் போகவில்லை

கேள்வி: ஆடியில் டெங்கு வந்து சரியானது. ஆனால் இன்னும் பாதம் எரிகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, பனியன் கம்பெனியில் பீஸ் கணக்குகூட மறந்துபோகிறது. மூளை ஸ்கேன் நார்மல், எல்லாம் மனசுதான் என்கிறார்கள். என்னங்க செய்யட்டும்?
– வாசகி, திருப்பூர்

பதில்: அம்மிணி, ஸ்கேன் நார்மல் என்பதால் உங்கள் எரிச்சல் பொய்யாகிவிடாது. அது மூளையின் அமைப்பைத்தான் காட்டும். பாதத்து நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நரம்புக் கடத்தல் சோதனை வேண்டும், அதுவும் மெல்லிய நரம்புகள் மட்டும் பாதித்திருந்தால் நார்மலாகவே வரலாம். முதலில் வைட்டமின் பி12, சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை பாருங்கள். இவற்றுக்கு மருந்து இருக்கிறது, எல்லாப் பழியையும் காய்ச்சல் மேல் போட்டு இவற்றைத் தவறவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அப்புறம் தலைசுற்றல்: படுத்தபடி ஒருமுறை, எழுந்து நின்று 10 நிமிடம் வரை சில முறை, நாடியும் பிரஷரும் அளக்கச் சொல்லுங்கள். பிரஷர் இறங்காமல் துடிப்பு மட்டும் படுத்திருந்தபோது இருந்ததைவிட நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடி நின்றால் அதை மனசு என்று தள்ளக்கூடாது.

கோவை அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போங்கள், எது எப்போது ஆரம்பித்தது என்று எழுதி எடுத்துக்கொண்டு. ஆனால் கால் பலவீனம் மேலே ஏறினாலோ, மூச்சுவிட, விழுங்கச் சிரமமானாலோ உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோயாக இருக்கலாம், நாள் பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.