சர்க்கரை நோயாளிக்குச் சோடியம் கூடினால் கண்புரை வருமா? உப்பை நிறுத்தலாமா?

அம்மாவுக்குச் சர்க்கரை நோய், கண்புரை தொடங்கியிருக்கிறது, ரத்தத்தில் சோடியம் 146, உப்பை அடியோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். உப்பில்லாக் கஞ்சியே குடித்துச் சோடியம் 120க்குச் சரிந்து, பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் தடுமாறும் முதியவர்களின் ரத்தம் எங்களிடம் வருகிறது. மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

சோடியத்துக்கும் புரைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லமாட்டேன். கண்ணின் லென்ஸான விழிவில்லை மங்குவதுதான் புரை. அந்த வில்லைக்குள் பொட்டாசியம் மிகுந்தும் சோடியம் குறைந்தும் இருக்க வேண்டும். சுற்றியுள்ள நீரில் நேர்மாறு. வில்லையின் உயிரணுக்கள், ஓட்டைப் படகில் நீர் இறைப்பதுபோல, உள்ளே கசியும் சோடியத்தை ஓயாமல் வெளியேற்றுகின்றன. சர்க்கரை ஏறினால் வில்லைக்குள் குளுக்கோஸ் சார்பிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளாக மாறித் தேங்கி, நீரை இழுக்கிறது. வில்லை வீங்குகிறது, இறைக்கும் வேலை தளர்கிறது, புரை முற்றுகிறது. சோடியம் அதிகமுள்ளவர்களிடம் புரை கூடுதலாகத் தென்பட்டதாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் சேர்ந்து காணப்படுவது வேறு, காரணமாவது வேறு. வந்துவிட்ட புரையை, உப்பைக் குறைப்பதால் கரைக்க முடியாது. முற்றினால் அறுவை சிகிச்சைதான்.

இயல்பான சோடியம் 135 முதல் 145 வரை. தண்ணீர் சரியாகக் குடிக்காவிட்டாலே 146 வரும். சர்க்கரை ஏறிச் சிறுநீர் நிறையப் போனாலும் வரும். இன்னொன்று: சர்க்கரை மிகுந்திருக்கும்போது நீர் ரத்தத்துக்குள் இழுக்கப்படுவதால் சோடியம் குறைவாகவும் காட்டும், சர்க்கரை 100 மி.கி. கூடினால் ஏறத்தாழ 1.6 அளவு இறங்கும். அன்றைய சர்க்கரை அளவைப் பக்கத்தில் வைக்காமல் சோடியத்தை மட்டும் படிப்பதில் பயனில்லை.

கருவாடு, ஊறுகாய், அப்பளத்தைக் குறைப்பது ரத்த அழுத்தத்துக்கு நல்லது. 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். பெரும்பாலும் அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கும்.

அம்மாவுக்கு இப்போது தேவை மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையும் விழித்திரைப் பரிசோதனையும். மங்கலுக்குப் புரை மட்டுமே காரணம் என்று நினைத்து விழித்திரையைக் கவனிக்காமல் விட்டால் இழந்த பார்வை திரும்பாமலே போகலாம். தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை கடலூர்–புதுச்சேரி சாலையிலேயே இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் பார்வை கூசி மங்கும். அம்மாவைத் தனியே பஸ் ஏற்றிவிடாமல் உடன் செல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரை உட்பட எல்லா மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.